வாசலுக்கு முன்னால் ஒரு வாசல்: இங்கிலாந்துக் கோட்டைகளில் சில நாட்கள்

வெள்ளி, லண்டன்

கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நிற்பதே இல்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரே நடுவில் இருக்கும் பெரிய கோபுரத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ பல வருஷமாக வாசல் மேல்தான் கண். ஒரு கோட்டையைக் கட்டியவன் எதற்குப் பயந்தான், எதிரி எப்படி வருவான் என்று எண்ணினான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அதனால் இந்தத் தடவை வாசல்களை மட்டும் பார்ப்பது என்று கிளம்பியிருக்கிறேன். அதிலும் குறிப்பாகப் பார்பிகன், அதாவது கோட்டையின் முக்கிய வாயிலுக்கும் வெளியே, அதைக் காப்பதற்கென்றே தனியாகக் கட்டிய முன் அரண். சில இடங்களில் அது ஒரு பெரிய கட்டடம். சில இடங்களில் இரண்டு நீளச் சுவர்கள், நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான்.

ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்கா மகனுக்கு லீவு, அவனும் கூட வந்தான். முதலில் லண்டன் டவர்.

இங்கே இருந்த பார்பிகன் இப்போது இல்லை. முதலாம் எட்வர்ட் மன்னர் 1275-க்குப் பிறகு சுமார் பத்து வருஷம் இந்தக் கோட்டையை அடியோடு மாற்றினார். வெளியே இன்னொரு மதில் எழுப்பி, அதைச் சுற்றி அகலமான அகழி வெட்டினார். மேற்கே, அகழியின் அந்தக் கரையில், அரைவட்டமாக ஒரு கட்டடம் வைத்து அதைச் சுற்றியும் தண்ணீர் விட்டார். மன்னர்களின் சிங்கங்களை அதில் வைத்திருந்ததால் அதற்கு லயன் டவர் என்று பெயர். கோட்டைக்குள் போகிறவன் முதலில் ஒரு தூக்குப்பாலம் தாண்டி இந்த அரைவட்டத்துக்குள் வர வேண்டும், அங்கே செங்கோணமாகத் திரும்ப வேண்டும், அப்புறம் மிடில் டவர் என்ற வாயில், அப்புறம் அகழி மேல் பாலம், அப்புறம் பைவர்ட் டவர் என்ற இன்னொரு வாயில். இத்தனையும் தாண்டினால்தான் வெளி மதிலுக்கு உள்ளேயே வர முடியும்.

"மாமா, நேரா ஒரு கதவு வச்சா போதாதா? எதுக்கு இவ்ளோ சுத்தணும்?" என்று கேட்டான். சரியான கேள்வி. நேராக ஒரு கதவு இருந்தால் எதிரி மரத்தடியைத் தூக்கிக்கொண்டு தூரத்திலிருந்தே ஓடிவந்து மோதுவான். திருப்பம் வைத்தால் அந்த ஓட்டம் அங்கேயே நின்றுபோகும். திரும்பும்போது கேடயம் ஒரு பக்கம் இருக்கும், உடம்பு இன்னொரு பக்கம் தெரியும். அவன் தெருவிலேயே கையைக் கேடயம் மாதிரி வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான், புரிந்துவிட்டது.

லயன் டவரை 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். 1835-இல் விலங்குகளை மொத்தமாக ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பிய பிறகு அதை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் தூக்குப்பாலம் இருந்த குழி மட்டும் இன்னும் இருக்கிறது. நுழைவு வழிக்குப் பக்கத்திலேயே, எட்டிப் பார்த்தால் தெரியும். பாலத்தின் ஒரு முனை மேலே எழும்போது எடை கட்டிய மறுமுனை கீழே இறங்க வேண்டுமல்லவா, அந்த எடை இறங்குவதற்குக் கல்லில் விட்ட பள்ளங்கள் அவை. நான் நின்ற நேரம் முழுக்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கம்பி வலையால் செய்த சிங்கச் சிலைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவர்கூட இந்தக் குழியைப் பார்க்கவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. இந்தக் கோட்டையில் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பொறியியலை இவ்வளவு பக்கத்தில் காட்டும் இடம் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு கட்டியும், 1381-இல் விவசாயிகள் கிளர்ச்சியின்போது கலகக்காரர்கள் இதற்குள் புகுந்து கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரியை இழுத்துப் போய்த் தலையை வெட்டினார்கள். அவர்கள் சுவரை உடைத்து வரவில்லை, திறந்த வாசல் வழியாக வந்தார்கள். காவல் நிற்பவனின் மனசு எந்தப் பக்கம் என்பதைக் கல் தீர்மானிக்காது.

சனி, டோவர்

செயின்ட் பாங்க்ராஸில் ரயில் ஏறினால் டோவருக்கு ஒரு மணி நேரம் சொச்சம். ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நல்ல ஏற்றம். பையன் இன்று வரவில்லை, கால் வலியாம்.

பார்பிகன் என்றால் என்ன, அது விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரே இடத்தில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் டோவருக்குத்தான் வர வேண்டும். இரண்டாம் ஹென்றி 1180-களில் கட்டிய பெரிய சதுரக் கோபுரம் உலகப் புகழ் பெற்றது, சுவர் சில இடங்களில் ஆறு மீட்டருக்கும் மேல் கனம். ஆனால் 1216-இல் இந்தக் கோட்டையின் விதி அந்தக் கோபுரத்தில் தீர்மானமாகவில்லை. வடக்கு வாசலில்தான் எல்லாம் நடந்தது.

ஜான் மன்னருக்கு எதிராகப் பிரபுக்கள் எழுந்த சமயம். அவர்கள் அழைத்ததால் பிரெஞ்சு இளவரசர் லூயி படையோடு வந்து இறங்கினார், லண்டன் அவர் கைக்குப் போய்விட்டது. டோவரை ஜானுக்காக ஹூபர்ட் டி பர்க் காத்து வைத்திருந்தார். அவரிடம் நைட் எனப்படும் குதிரை வீரர்கள் சுமார் 140 பேரும் மற்றப் படையாட்களும். கோட்டைக்கு மூன்று பக்கம் சரிவு, கடல் பக்கம் செங்குத்துப் பாறை. வடக்கே மட்டும் நிலம் மேடாக இருக்கிறது, கோட்டையைப் பார்த்தபடி ஒரு முகடு. வாசலை அந்தப் பக்கமே வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கருவாலி மரத் தடிகளை நட்டு வேலி கட்டி, பள்ளம் வெட்டி, ஒரு பார்பிகன்.

லூயியின் ஆட்கள் முதலில் அதைத்தான் குறிவைத்தார்கள். கல்லெறி பொறிகளை முகட்டில் நிறுத்தி அடித்தார்கள், பிறகு ஏறி வந்து அதைப் பிடித்தார்கள். அதைக் காத்து நின்றவர் அங்கேயே செத்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்கியது. ஏனென்றால் பார்பிகன் கையில் இருக்கும்வரை எதிரி வாயில் கோபுரத்தின் அடிக்கு வர முடியாது. அது போய்விட்டால் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகச் சுரங்கம் தோண்டலாம். அப்படியே செய்தார்கள். டோவர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, தோண்டுவது சுலபம். வாயிலின் இரண்டு கோபுரங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. பிரெஞ்சு ஆட்கள் அந்த இடைவெளி வழியாக உள்ளே பாய்ந்தார்கள். ஹூபர்ட்டின் ஆட்கள் அவர்களைத் தள்ளி வெளியேற்றி, கையில் கிடைத்த பெரிய மரங்களையும் உத்தரங்களையும் போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள். அக்டோபரில் தற்காலிகச் சமாதானம் ஆனது, அதே மாதம் ஜானும் இறந்துவிட்டார். கோட்டை கைமாறவே இல்லை.

இன்று அந்த வடக்கு மூலையில் நின்றால் வாசலே கிடையாது. போர் முடிந்ததும் அதை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். நார்ஃபோக் கோபுரங்கள் என்று இப்போது சொல்கிறார்களே, அந்த இடம்தான். நடுவில் இருக்கும் கோபுரம் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, முழுக்கக் கல், உள்ளே வெற்றிடம் இல்லை. அகழிக்குள் செயின்ட் ஜான் கோபுரம் என்று ஒன்று எழுப்பினார்கள், அதற்கும் வெளியே மண்ணைக் குவித்து ஒரு புது அரண். கோட்டைக்குள்ளிருந்து இவற்றுக்குப் போகச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் பாதை. தோண்டியே உள்ளே வரப் பார்த்தவர்களுக்குத் தோண்டியே பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதையில் இன்றும் நடக்கலாம். நெப்போலியன் காலத்தில் அதையும் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் சுவரைத் தொட்டால் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டுகிறது. மேலே வந்து முகட்டைப் பார்த்தேன். லூயி பொறிகளை நிறுத்திய இடம் நினைத்ததைவிட மிகப் பக்கம்.

புது வாசலை 1220-களில் மேற்குப் பக்கம் கட்டினார்கள். கான்ஸ்டபிள்ஸ் கேட். பல கோபுரங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்து, சரிவின் உச்சியில், அகழிக்கு மேல். வடக்கில் பட்ட பாட்டை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்துக்கொண்டு கட்டியது என்று பார்த்தவுடனே தெரிகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

ஞாயிறு, லூயிஸ்

இன்று சின்னப் பதிவுதான். லூயிஸ் என்ற இந்த ஊர் லண்டன் விக்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரம். கோட்டை மேட்டிலிருந்து ஊர் நன்றாகத் தெரிகிறது, மழையும் விட்டு விட்டுப் பெய்தது.

இங்கே பழைய நார்மன் வாயிலை இடிக்காமல், அதற்கு முன்னால் 14-ஆம் நூற்றாண்டில் பார்பிகனைக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் சர்ரே பிரபு ஜான் டி வாரன், 1347-இல் இறந்தவர். பின்னால் இருக்கும் பழைய வாயிலில் ஒரு சுவர்தான் மிச்சம், பார்பிகனோ முழுசாக நிற்கிறது. முகப்பு முழுக்கச் சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, உடைத்த முகம் வெளியே தெரியும்படி பதித்தது. மழை பட்டதும் கருநீலமாக மின்னியது. உச்சியில் ஒரு தளம் சுவரைவிட முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் அதன் அடியில் வரிசையாக ஓட்டைகள். வாசலில் கோடாரியோடு நிற்பவன் தலையில் கல்லைப் போட மேலே இருப்பவன் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், அந்த ஓட்டை வழியாகவே போடலாம். வளைவுக்கு உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் செங்குத்தாக ஓடும் பள்ளம், மேலிருந்து இறங்கும் கிராதிக் கதவு ஓடிய தடம். விரலை வைத்துப் பார்த்தேன், விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

இதன் மேல் பெரிய முற்றுகை எதுவும் நடந்ததில்லை. ஊரின் பக்கத்திலேயே நடந்த புகழ்பெற்ற 1264 போர் இதற்கு வெகுகாலம் முந்தியது. இதில் பாதி பாதுகாப்பு, பாதி கௌரவம் என்றுதான் தோன்றுகிறது. அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. வருகிறவன் வாசலைப் பார்த்தே திரும்பிப் போக வேண்டும் என்பதும் ஒரு காவல்தான்.

செவ்வாய், குட்ரிச்

நேற்று முழுக்கப் பயணம். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்துக்கு, வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ராஸ் ஆன் வை என்ற ஊருக்கு வந்து தங்கினேன். குட்ரிச்சுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸும் எப்போதாவதுதான், அதனால் வருகிறவர்கள் திரும்புகிற பஸ்ஸின் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள். கிராமத்திலிருந்து மேடு ஏறினால் மரங்களுக்கு நடுவே சிவப்புக் கல்லில் கோட்டை.

நான் பார்த்தவற்றிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். லண்டனில் தரையில் கோடாகவும் குழியாகவும் பார்த்ததை இங்கே கல்லாகப் பார்க்கலாம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கோட்டை வில்லியம் டி வாலென்ஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. அவர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரே தாய் வயிற்றுச் சகோதரர், அதாவது எட்வர்டுக்குச் சித்தப்பா முறை. லண்டன் டவரில் எட்வர்ட் கட்டிய அரைவட்டத்தைப் பார்த்தேதான் இங்கேயும் அரைவட்டப் பார்பிகன் கட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே இருந்தது போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டியது இங்கே நிற்கிறது.

சுவர்கள் இப்போது தாழ்வாகத்தான் இருக்கின்றன. அதனாலேயே முழு அமைப்பும் ஒரே பார்வையில் புரிகிறது. பார்பிகனுக்கென்று தனியாக ஒரு பள்ளம். அதைத் தாண்டி உள்ளே நுழைகிறோம். நுழைந்ததும் கோட்டை வாயில் நேரே தெரியாது, செங்கோணமாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் எதிரே பாறையில் வெட்டிய ஆழமான அகழி, அதன் மேல் ஒடுக்கமான கல் பாதை, நடுவில் தூக்குப்பாலம் இருந்த இடைவெளி, அப்பால் வாயில். வாயிலுக்குள் போனால் நீளமான இருட்டுப் பாதை. கிராதிக் கதவுகள் ஓடிய தடங்கள், தலைக்கு மேல் கூரையில் துளைகள், பக்கச் சுவரில் அம்பு எய்யும் பிளவுகள்.

பார்பிகனுக்குள் நின்று திரும்பி வாயிலைப் பார்க்கும்போதுதான் இதன் சூட்சுமம் எனக்கு உறைத்தது. இந்த அரைவட்டத்தின் சுவர் வெளிப்பக்கம்தான் காப்பு. கோட்டைப் பக்கம் எந்த மறைப்பும் இல்லை. எதிரி கஷ்டப்பட்டு இதைப் பிடித்தாலும் உள்ளே வந்தவுடன் வாயில் கோபுரத்தின் மேலே இருப்பவர்களுக்கு முன்னால் வெட்டவெளியில் நிற்பான். கபடியில் பாடிக்கொண்டு உள்ளே வந்தவனைக் கோடு வரை விட்டுவிட்டுச் சுற்றி வளைப்பது போல, உள்ளே விடுவதே பிடிப்பதற்காகத்தான். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு இடத்தை, போன பிறகும் நமக்கு உதவுகிற மாதிரி கட்டுவது சாதாரண யோசனை இல்லை. அந்த ஒடுக்கமான பாதையில் நடக்கும்போது, இருவர் சேர்ந்து நடந்தால் மூன்றாமவருக்கு இடம் கஷ்டம். ஆயிரம் பேர் வந்தாலும் வாசலில் சண்டை போடுவது இரண்டு பேர்தான்.

பீரங்கி வந்த பிறகு இதெல்லாம் மாறிப்போனது. அதையும் குட்ரிச்சே சொல்கிறது. 1646-இல் உள்நாட்டுப் போர். மன்னர் கட்சிக்காக ஹென்றி லிங்கன் உள்ளே, நாடாளுமன்றக் கட்சிக்காகக் கர்னல் ஜான் பர்ச் வெளியே. பர்ச் இந்தப் பக்கத்திலேயே ஒரு பெரிய மோர்ட்டாரை வார்த்து வரவழைத்தார், பெயர் ரோரிங் மெக். சுமார் 90 கிலோ குண்டை வானத்தில் ஏற்றி மதிலுக்கு உள்ளே போடும். அதற்குத் திருப்பமும் கிடையாது, தூக்குப்பாலமும் கிடையாது, வாசலையே அது பார்க்கவில்லை. வடமேற்குக் கோபுரம் இடிந்தது, தண்ணீரும் தடைபட்டது, ஜூலைக் கடைசியில் சரணடைந்தார்கள். அதே மோர்ட்டார் இப்போது கோட்டை முற்றத்தில் இருக்கிறது. குட்டையாக, வாய் மட்டும் பெரிதாக. அதன் வாய்க்குள் என் தலை போகும் போலிருந்தது.

வியாழன், யார்க்

கிங்ஸ் கிராஸ் வழியாக வந்தால் லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம், நான் குறுக்கே வந்ததால் பகல் முழுக்கப் போனது. யார்க் என்பது கோட்டை அல்ல, மதில் சூழ்ந்த ஊர். ஊருக்கு நான்கு பெரிய வாயில்கள்: மிக்கிள்கேட், பூத்தம், மங்க், வால்ம்கேட். இங்கே வாயிலுக்கு 'பார்' (bar) என்று பெயர். நான்குக்கும் ஒரு காலத்தில் முன்னால் பார்பிகன் இருந்தது. இன்று ஒன்றுதான். வால்ம்கேட். இங்கிலாந்தில் ஊர் மதில் வாயிலோடு பார்பிகன் முழுசாக நிற்பது இது ஒன்றில்தான்.

இது குட்ரிச் மாதிரி அரைவட்டம் இல்லை. வாயிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு சுவர்கள் தெருவோடு முன்னால் வந்து, முனையில் ஒரு வளைவில் முடிகின்றன. மேலே கூரை இல்லை. இரண்டு சுவர் மேலும் ஆள் நடக்க இடம். வெளி வளைவைத் தாண்டி வந்தவன் உள் கதவுக்குப் போகும்வரை இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வாங்குவான். உள் வாயிலில் கருவாலி மரக் கதவுகள் இன்னும் தொங்குகின்றன. ஒரு கதவில் ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சின்னக் கதவு ஒன்று, இரவில் பெரிய கதவைத் திறக்காமல் ஒருவரை மட்டும் உள்ளே விடுவதற்கு. மரத்தைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இறுகிப் போயிருக்கிறது. மேலே கிராதிக் கதவும் இருக்கிறது, அடிமுனை தெரிகிறது. ஊர்ப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் தூண்கள் மேல் எலிசபெத் காலத்து மரச்சட்ட வீடு ஒன்று வாயிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

1644-இல் நாடாளுமன்றப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் யார்க்கை முற்றுகையிட்டபோது இந்த வாயில்தான் பலமாக அடி வாங்கியது. அடியில் சுரங்கமும் தோண்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டார்கள். டோவரில் நடந்த அதே கதை, 400 வருஷத்துக்கு அப்புறம். சேதமான பார்பிகனை 1648-இல் திரும்பக் கட்டினார்கள்.

பீரங்கியிலிருந்து தப்பிய மற்ற மூன்றும் எப்படிப் போயின என்றால், வண்டிகளுக்கு இடைஞ்சல் என்று போயின. 1800-இலேயே நகரசபை மதிலையே இடிக்க அனுமதி கேட்டது. எதிர்ப்பு வந்ததால் மதில் தப்பியது, பார்பிகன்கள் தப்பவில்லை. 1820-களிலும் 1830-களின் தொடக்கத்திலும் ஒவ்வொன்றாக மூன்றையும் எடுத்துவிட்டார்கள். யார்க்கிலேயே பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி மதில்களுக்காகவும் வாயில்களுக்காகவும் விடாமல் வாதாடியவர். அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் நான்காவதும் நிற்காது.

எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது. வருகிறவனை மெதுவாக்குவதுதான் பார்பிகனின் வேலையே. அந்த வேலையை அது நன்றாகச் செய்ததுதான் அதை இடிப்பதற்குக் காரணமாகிவிட்டது. வாயிலை மட்டும் விட்டுவைத்ததால் மிக்கிள்கேட்டைப் பார்க்கிறவர்கள் இதுதான் முழு வாசல் என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். 1460-இல் யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடத்தோடு நட்டு வைத்த வாயில் அது, அந்தக் கதையைப் பலகையில் படிக்கிறவர்களுக்குக்கூட அதற்கு முன்னால் இன்னொரு வாசல் இருந்தது தெரிவதில்லை. தரையில் அதன் எல்லையைக் கல்லால் குறித்து வைத்தாலே போதும், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

வால்ம்கேட்டுக்கு வருகிறவர்கள் ஊருக்குள்ளிருந்து வர வேண்டாம். மதில் மேல் நடந்து வந்தாலும் கீழே இறங்கி, ஒரு சுற்றுப் போய், வெளியிலிருந்து நடந்து வாருங்கள். முதல் வளைவைத் தாண்டியதும் நின்று, இரண்டு பக்கச் சுவரையும் எதிரே இருக்கும் கதவையும் பாருங்கள்.

நாளை காலை அல்ன்மவுத் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் அல்னிக். பெர்சி குடும்பத்தின் கோட்டை, 14-ஆம் நூற்றாண்டுப் பார்பிகன் இன்றும் நுழைவாயிலாகவே பயன்படுகிறது. ஞாயில்கள் மேல், அதாவது மதில் உச்சியில் பல் வரிசை மாதிரி இருக்கும் சுவர்கள் மேல், கல்லாலான வீரர்கள் நிற்கிறார்கள், இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுவார்கள், அதனால் போக நினைப்பவர்கள் கோடையில் திட்டம் போடுங்கள். படங்களோடு நாளை இரவு எழுதுகிறேன்.